கண்ணளவிலிருந்து எண்ணளவுக்கு: கதிர்காமம் பகுதியை முன்வைத்துப் பொறித்தொழில் தொடக்கநிலைப் பயிற்சியும் பட்டறைத் தமிழும்

ஆய்வுச் சுருக்கம்

பத்தாம் வகுப்பை முடித்த மாணவர் ஒருவர் பொருத்துநர், கடைசலர், பற்றவைப்பவர் போன்ற பொறித்தொழில்களுக்குள் நுழையும் முதல் வாயில் தொழிற்பயிற்சி நிலையம் ஆகும். புதுச்சேரி நகரின் கதிர்காமம், மேட்டுப்பாளையம் பகுதியைக் களமாகக் கொண்டு, இப்பயிற்சியில் கற்பிக்கப்படுவது என்ன என்பதையும், அதைக் கற்கத் தமிழ் எவ்வாறு துணைசெய்கிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. கருவிகளைக் கையாளுதல் இப்பயிற்சியின் ஒரு பகுதி மட்டுமே. கண்ணால் மதிப்பிடும் அளவிலிருந்து எண்ணால் வரையறுக்கப்படும் அளவுக்கு மாணவரைக் கொண்டு செல்வதே அதன் மையம். கைக்கருவிகளுக்குத் தமிழில் செழுமையான சொற்கள் இருப்பதும், அளவைக்கருவிகளுக்குப் பெரும்பாலும் கடன்சொற்களே வழங்குவதும் இம்மாற்றத்தின் மொழிச்சுவடுகளாகும். ஆகவே பயிற்சித் தமிழ் வலுப்பெற வேண்டிய இடம் அளவையே என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: தொழிற்பயிற்சி, பொருத்துநர், பட்டறைத் தமிழ், கலைச்சொல், பொருத்தம், புதுச்சேரி

முன்னுரை

புதுச்சேரி நகரின் வடமேற்கே வழுதாவூர் சாலையை ஒட்டி அமைந்துள்ளது கதிர்காமம். வெளியூர்வாசிகளுக்கு இவ்வூர் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரியால் அறிமுகமானது. உள்ளூர் இளைஞர்களுக்கு இன்னொரு முகமும் தெரியும். அருகிலுள்ள தட்டாஞ்சாவடியிலும் மேட்டுப்பாளையத்திலும் தொழிற்பேட்டைகள் உள்ளன. மேட்டுப்பாளையத்தில் ஆண்களுக்கான அரசு தொழிற்பயிற்சி நிலையமும் சரக்குந்து முனையமும் இயங்குகின்றன. பயிலும் இடமும் பணிபுரியும் இடமும் ஒரே சாலையை ஒட்டி அமைந்திருப்பது இப்பகுதியின் தனித்தன்மை.

தொழிற்கல்வியைப் பற்றிய தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் வேலைவாய்ப்பு, உதவித்தொகை, சேர்க்கை விதிகள் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. கலைச்சொல் ஆய்வுகளோ பல்கலைக்கழகப் பாடங்களையே பெரிதும் நோக்குகின்றன. 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் தொடங்கிய அறிவியல் கலைச்சொல் முயற்சி முதல், 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது வரை, கவனம் உயர்கல்வியின் பக்கமே சாய்ந்திருந்தது. ஆனால் பட்டறையில் ஆசிரியர் மாணவருக்குக் கற்பிக்கும் மொழி என்றும் தமிழாகவே இருந்துவந்துள்ளது. அந்தத் தமிழின் இயல்பை அறிவது, அத்தொழிலை அறிவதற்கும் வழியாகும்.

ஆலையிலிருந்து பயிற்சி நிலையத்துக்கு

புதுச்சேரியில் பொறித்தொழிலின் முதற்பள்ளிகள் பஞ்சாலைகளே. சவானா ஆலை, 1898இல் தொடங்கப்பட்டு ரோடியர் ஆலை என வழங்கப்பட்ட ஏ.எப்.டி. ஆலை, கெப்ளே ஆலை என்றழைக்கப்பட்ட பாரதி ஆலை ஆகியன பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தந்தன. 1936 ஜூலை 30 அன்று வேலைநிறுத்தத் தொழிலாளர்மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் பன்னிரண்டு பேர் உயிரிழந்தனர். அதனைத் தொடர்ந்து எட்டு மணிநேர வேலை உரிமை பெறப்பட்டது புதுச்சேரித் தொழிலாளர் வரலாற்றின் திருப்புமுனை. இவ்வாலைகளில் நெசவாளர், நூற்பாளர் தவிர, தறிகளையும் கொதிகலன்களையும் பழுதுபார்த்த பொறித்தொழிலாளரும் இருந்தனர். மூத்தவருக்குக் கையாளாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்துக் கற்பதே அன்றைய முறை.

இந்திய அரசு கைவினைஞர் பயிற்சித் திட்டத்தை 1950இல் தொடங்கியபோது புதுச்சேரி இந்தியாவுடன் இணைந்திருக்கவில்லை. 1954 நவம்பர் 1 அன்று நடைமுறை அதிகாரமும், 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டப்படியான உரிமையும் கைமாறிய பின்னரே இத்திட்டம் இம்மண்ணுக்கு உரியதாயிற்று. அகில இந்திய அளவில் ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு, ஒரே சான்றிதழ் என்னும் ஒழுங்கு அதனோடு வந்தது. ஏ.எப்.டி. ஆலை 2020இல் மூடப்பட்டதோடு ஆலைவழிக் கல்வியின் காலமும் ஏறத்தாழ முடிந்துவிட்டது. இன்று ஆலையில் கையாளாகச் சேரும் வாய்ப்பில்லாத இளைஞருக்குத் தொழிற்பயிற்சி நிலையமே நுழைவாயில்.

பயிற்சியின் அமைப்பு

பொருத்துநர், கடைசலர், இயந்திர வேலையாள் ஆகிய பிரிவுகள் ஈராண்டுப் பயிற்சிகள். பற்றவைப்பவர் பயிற்சி ஓராண்டு. பொருத்துநர் பிரிவில் சேர அறிவியலும் கணிதமும் பயின்று பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றிருத்தல் வேண்டும். பற்றவைப்பவர் பிரிவுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். குறைந்த அளவு வயது 14.

2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பொருத்துநர் பயிற்சி ஆண்டொன்றுக்கு 1200 மணிநேரம் நடைபெறுகிறது. அதில் 840 மணிநேரம் செய்முறை. பத்தில் ஏழு பங்கு நேரம் மாணவர் பட்டறையில் நிற்கிறார். எஞ்சிய நேரம் தொழிற்கோட்பாட்டுக்கும் வேலைவாய்ப்புத் திறன்களுக்கும் உரியது. தேர்ச்சி விதியும் இதே நோக்கைக் காட்டுகிறது. செய்முறைத் தேர்வில் 60 விழுக்காடும், கொள்குறி வினாக்களாலான கோட்பாட்டுத் தேர்வில் 33 விழுக்காடும் பெற்றால் தேர்ச்சி. கையின் திறனில் தளர்வு காட்டாத இத்திட்டம், ஏட்டறிவில் ஓரளவு தளர்வு காட்டுகிறது.

தேர்ச்சி பெற்றவர் தேசியத் தொழிற்சான்றிதழ் பெறுகிறார். பின்னர் 1961ஆம் ஆண்டுத் தொழில்பழகுநர் சட்டத்தின்கீழ் ஆலையொன்றில் பழகுநராகச் சேரலாம். 2019ஆம் ஆண்டு விதித்திருத்தம் முப்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்களுக்குப் பழகுநர்களைச் சேர்ப்பதைக் கடமையாக்கியது. சான்றிதழ் பெற்ற பழகுநருக்குக் குறைந்த அளவு மாத உதவித்தொகையாக 7000 ரூபாயை அது நிர்ணயித்தது. பலதொழில்நுட்பக் கல்லூரியில் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வழியும் உண்டு. இவ்வகையில் பயிற்சி நிலையம் வேலைக்கும் மேற்படிப்புக்கும் ஒருசேர வாயிலாக அமைகிறது.

அரம் கற்பிக்கும் பாடம்

பொருத்துநர் பயிற்சியின் முதல் மாதங்கள் பெரும்பாலும் அரத்தோடு கழிகின்றன. கடைசல் இயந்திரத்தையும் கணினிவழி இயந்திரத்தையும் எதிர்பார்த்து வரும் மாணவர், இரும்புத்துண்டொன்றைப் பிடிச்சிராவியில் இறுக்கி நாள்தோறும் அராவ வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து காண்போர்க்கு இது காலங்கடந்த பயிற்சியாகத் தோன்றலாம். ஆனால் இதற்குக் காரணம் உண்டு.

தட்டையான பரப்பை அரத்தால் உருவாக்குவது எளிதன்று. அரத்தை முன்னோக்கித் தள்ளும்போது அதைத் தாங்கும் புள்ளி ஒவ்வொரு கணமும் இடம் மாறுகிறது. தொடக்கத்தில் அரத்தின் முனையைப் பிடித்த கை மிகுதியாக அழுத்த வேண்டும். முடிவில் கைப்பிடியைப் பற்றிய கை அழுத்த வேண்டும். இந்த மாற்றம் சீராக நிகழாவிட்டால் அரம் தராசுபோல் ஏறி இறங்கி, பரப்பின் ஓரங்கள் தேய்ந்து நடுப்பகுதி முதுகுபோல் புடைத்துவிடும். இத்தவற்றை மாணவர் எவ்வாறு அறிகிறார்? மூலைமட்டத்தைப் பரப்பின்மீது நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கிறார். இடைவெளி இருக்குமிடத்தில் ஒளிக்கீற்று தெரியும். அல்லது மட்டமான தளத்தில் நீலச்சாயம் தடவி, இரும்புத்துண்டை அதன்மீது தேய்க்கிறார். மேடான இடங்களில் மட்டும் சாயம் ஒட்டும். அவ்விடங்களையே மீண்டும் அராவுகிறார். செய்தல், சோதித்தல், திருத்தல் என்னும் இச்சுழற்சி ஆயிரம் முறை நிகழ்ந்தபின் கை தானே அளவை உணரத் தொடங்குகிறது.

பாடத்திட்டம் இவ்வளர்ச்சியை எண்களால் குறிக்கிறது. அடிப்படைப் பணிகளில் எதிர்பார்க்கப்படும் நுட்பம் 0.25 மி.மீ. கூடுதல் அல்லது குறைவு. வெவ்வேறு வடிவிலான துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தும் நிலையில் அது 0.04 மி.மீ. ஆகவும், கோண அளவில் 30 கலை, அதாவது அரைப் பாகையாகவும் சுருங்குகிறது. தமிழ்நாட்டுத் தச்சரும் கொத்தரும் வழங்கும் ‘நூல்’ என்னும் அளவு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, ஏறத்தாழ 3.2 மி.மீ. மரவேலையில் ‘அரை நூல் தட்டு’ என்பது நுட்பமான குறிப்பு. பொருத்துநர் மாணவர் ஈராண்டில் எட்ட வேண்டியதோ ஒரு நூலின் எண்பதில் ஒரு பங்கு. ஒரு தலைமுடியின் தடிப்பைவிடக் குறைவான இவ்வளவை வெறுங்கண் அறியாது, நுண்ணளவி அறியும்.

கம்மியரும் பொருத்துநரும்

தமிழ்நாட்டுத் தொழிற்பயிற்சி அறிவிப்புகளில் மோட்டார் வாகனம் பழுதுபார்ப்பவரைக் ‘கம்மியர்’ எனக் குறிப்பது வழக்கம். சங்க இலக்கியத்தில் கைவினைஞரைக் குறித்த சொல் இது. நெடுநல்வாடையில் அரண்மனை வாயிலின் நெடுங்கதவுகளை இடைவெளி தோன்றாதவாறு கடாவிப் பொருத்தியவன் கம்மியனே. ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய சொல் இன்றைய அரசாணையில் உயிரோடிருப்பது தமிழின் தொடர்ச்சிக்குச் சான்று.

ஆயினும் அக்கம்மியனின் பணிக்கும் இன்றைய பொருத்துநரின் பணிக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உள்ளது. கம்மியன் குறிப்பிட்ட கதவைக் குறிப்பிட்ட நிலைக்குப் பொருத்தினான். இரண்டும் அவன் கண்முன்னே இருந்தன. ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுத் தட்டியும் செதுக்கியும் இணைத்தான். அக்கதவு வேறொரு நிலைக்குப் பொருந்த வேண்டியதில்லை. தொழிற்சாலைப் பொருத்தம் இதனின் மாறுபட்டது. ஓரூரில் செய்த தண்டும் வேறூரில் செய்த உருளைத் தாங்கியும் ஒன்றையொன்று காணாமலே பொருந்த வேண்டும். பிரெஞ்சுத் துப்பாக்கிக் கொல்லர் ஓனோரே பிளாங்க், ஒரே மாதிரியான துப்பாக்கி விசையுறுப்புகளைக் கலந்து வைத்து, எதை எடுத்தாலும் இணையும் என 1785இல் செய்துகாட்டினார். ஒன்றுக்கொன்று மாற்றத்தக்க உறுப்புகள் என்னும் இக்கருத்தே பெருந்தொழிலின் அடித்தளமாயிற்று.

காணாத இரண்டு உறுப்புகள் பொருந்துவதற்கு இடையில் நிற்பது எண். 20 மி.மீ. துளையொன்றுக்கு வரைபடத்தில் ‘எச் 7’ எனக் குறிக்கப்பட்டிருந்தால், அத்துளை 20.000 முதல் 20.021 மி.மீ. வரை இருக்கலாம். அதனுள் நுழையும் தண்டுக்கு ‘ஜி 6’ எனக் குறித்திருந்தால் அது 19.980 முதல் 19.993 மி.மீ. வரை இருக்கலாம். எந்தத் தண்டை எந்தத் துளையில் இட்டாலும் குறைந்தது 0.007 மி.மீ., மிகுந்தது 0.041 மி.மீ. இடைவெளி இருக்கும். தண்டு தடையின்றிச் சுழலும், ஆனால் ஆடாது. கம்மியன் கையால் உணர்ந்த பொருத்தத்தை இங்கு இரண்டு எழுத்தும் இரண்டு எண்ணும் தாங்கி நிற்கின்றன.

இரு சொற்குழுக்கள்

பட்டறையில் வழங்கும் சொற்களை நோக்கினால் மேற்கண்ட வேறுபாடு மொழியிலும் பதிந்திருப்பது புலப்படும்.

முதற்குழு கைக்கருவிகளையும் கைவினைகளையும் குறிப்பது: அரம், உளி, சுத்தி, சம்மட்டி, பட்டடை, குறடு, திருப்புளி, சாணை, கவராயம், மூலைமட்டம், பிடிச்சிராவி, மரை, அராவுதல், கடைதல், தமரிடுதல், பற்றவைத்தல். இவை கொல்லரும் தச்சரும் கன்னாரும் தலைமுறைகளாக வழங்கியவை. இவற்றுட் பல வீட்டு வழக்கிலும் உள்ளன. ‘மரை கழன்றவன்’ என்னும் ஏச்சைப் புரிந்துகொள்ளாத தமிழர் இல்லை.

இரண்டாங்குழு அளவையையும் இயந்திரத்தையும் குறிப்பது: வெர்னியர், மைக்ரோமீட்டர், கேஜ், லேத், சக், டாப், டை, பேரிங், கியர், டாலரன்ஸ், லிமிட். இவை ஆங்கிலத்திலிருந்து வந்தவை.

இரண்டாங்குழுவை ஆங்கில மோகத்தின் விளைவு என ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. சொல்லின் எல்லை தொழிலின் எல்லையைப் பின்பற்றியுள்ளது. கண்ணளவில் நடந்த தொழிலுக்குத் தமிழ்ச்சொல் முன்னரே இருந்தது. எண்ணளவில் நடக்கும் தொழில் இயந்திரத்தோடு வெளியிலிருந்து வந்தது. அதன் சொல்லும் உடன் வந்தது. மாணவருக்கு இதனால் நேரும் இடர் முதற்குழுவில் இல்லை. அரம் என்றதும் அவருக்குப் பொருள் விளங்கும். லேத், கியர் போன்ற பெயர்ச்சொற்களிலும் இடரில்லை. பொருளைக் கண்ணால் கண்டு பெயரைப் பற்றிக்கொள்கிறார். இடர் தோன்றுவது கண்ணுக்குப் புலனாகாத கருத்துகளில்தான். டாலரன்ஸ், லிமிட், குறைந்த அளவீடு போன்றவற்றைச் சுட்டிக்காட்டப் பொருள் இல்லை. பொது அகராதியை நம்பி டாலரன்சைச் ‘சகிப்புத்தன்மை’ எனப் பெயர்த்தால் மாணவர் மனத்தில் அறப்பண்பு தோன்றும்; அளவு தோன்றாது.

இதற்கு மாறாகப் ‘பொருத்தம்’ என்னும் சொல்லை நோக்குக. திருமணப் பேச்சு முதல் சட்டை அளவு வரை தமிழர் அன்றாடம் வழங்கும் சொல் இது. இடைவெளிப் பொருத்தம், இறுக்கப் பொருத்தம், இடைநிலைப் பொருத்தம் என அடைசேர்த்தால், பொறியியலின் மூவகைப் பொருத்தங்களும் விளக்கமின்றியே விளங்குகின்றன. தெரிந்த சொல்லின்மீது புதிய கருத்தை ஏற்றுவது எத்துணைப் பயன்தரும் என்பதற்கு இது சான்று.

பாடநூலும் பட்டறையும்

தொழிற்பயிற்சிப் பாடநூல்களை உருவாக்கும் ‘நிமி’ எனப்படும் தேசியப் பயிற்று ஊடக நிறுவனம், 1986இல் மேற்கு ஜெர்மனியின் ஒத்துழைப்போடு சென்னை கிண்டியில் நிறுவப்பட்டது. செய்முறை நூல், கோட்பாட்டு நூல் எனத் தொழில்வாரியாக நூல்களைப் பிற இந்திய மொழிகளோடு தமிழிலும் வெளியிட்டுவருகிறது. கதிர்காமத்து மாணவருக்குத் தம் தொழிலைத் தமிழில் படிக்கும் வாய்ப்பு இதனால் கிடைத்துள்ளது.

எனினும் அவர் ஒரே கருத்தை மூன்று வடிவங்களில் எதிர்கொள்கிறார். ஆசிரியர் வாயிலாகக் கேட்பது பட்டறை வழக்கு. நூலில் படிப்பது ஆக்கப்பட்ட கலைச்சொல். வரைபடத்தில் காண்பது ஆங்கில எழுத்தும் பன்னாட்டுக் குறியீடும். ஆசிரியர் ‘டாலரன்ஸ்’ என்கிறார். நூல் தமிழாக்கம் ஒன்றைத் தருகிறது. வரைபடத்தில் எண்ணின் அருகே கூட்டல் கழித்தற் குறி மட்டும் உள்ளது. இம்மூன்றும் ஒன்றே என யாரேனும் சொல்லாதவரை மாணவர் மூன்று செய்திகளாகவே மனப்பாடம் செய்வார். கோட்பாட்டுத் தேர்வின் கொள்குறி வினாக்களை இவ்வாறு கடந்துவிடலாம். ஆலையின் தரச்சோதனை மேசையில் கடக்க இயலாது.

ஆகவே தூய தமிழா, கடன்சொல்லா என்னும் வழக்கமான வினா இங்குப் பயனற்றது. மூன்றையும் இணைப்பதே தேவை. இதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, பாடநூலில் அளவை தொடர்பான ஒவ்வொரு கருத்தும் முதன்முறை வரும்போது, தமிழ்ச்சொல், பட்டறைச்சொல், வரைபடக்குறி மூன்றையும் அருகருகே அச்சிடுதல். இரண்டாவது, வரைபடத்தை மாணவர் தம் மொழியில் வாய்விட்டு வாசிக்கப் பழக்குதல். ‘துளை இருபது, கூடினால் இருபத்தொரு மைக்ரான், குறையக் கூடாது’ என வாசிக்கத் தெரிந்தவர் அக்குறியைப் புரிந்துகொண்டவர். மூன்றாவது, ‘பொருத்தம்’ போல வழக்கில் வேரூன்றிய சொற்களுக்கு முதலிடம் தந்து, பொருள் விளக்காத புத்தாக்கங்களைத் தவிர்த்தல்.

இருவகைத் திறனின் தேவை

எண்ணளவைக் கற்பது கண்ணளவைக் கைவிடுவதன்று. மூலைமட்டத்தின் அடியில் ஒளிக்கீற்றைத் தேடும் மாணவர் கண்ணையே பயன்படுத்துகிறார். அக்கண் எதைத் தேட வேண்டும் என்பதை எண் கற்பிக்கிறது.

வேலைவாய்ப்பும் இருவகைப்பட்டது. சிறு கடைசல் பட்டறைகளில் தேய்ந்த நீரேற்றித் தண்டோ, உடைந்த பல்சக்கரமோ பழுதுபார்க்க வரும். அங்கு வரைபடம் இராது. பழைய உறுப்பை அளந்து, அதன் தேய்மானத்தை மதிப்பிட்டு, அந்த ஒரு பொறிக்கு மட்டும் பொருந்துமாறு செய்ய வேண்டும். நெடுநல்வாடைக் கம்மியனின் திறன் அங்கு இன்றும் விலைபெறும். வாகன உறுப்புகள் செய்யும் ஆலைகளிலோ வரைபடமே ஆணை. அதை வாசிக்க அறியாதவர் எத்தனை ஆண்டு உழைத்தாலும் உதவியாளராகவே நிற்க நேரும். அறிந்தவர் இயந்திரத்தை அமைப்பவராகவும் தரம் காண்பவராகவும் உயர்வார். ஜெர்மனியில் தொழிலக இயந்திரக் கைவினைஞருக்கான பயிற்சி மூன்றரை ஆண்டுகள் ஆலைக்கும் பள்ளிக்கும் இடையே நிகழ்வது, இவ்விரு திறனையும் ஒருங்கே வளர்ப்பதற்கே. இந்தியாவில் ஈராண்டுப் பயிற்சியும் அதன்பின் வரும் பழகுநர் காலமும் சேர்ந்தே அப்பணியைச் செய்கின்றன. பழகுநர் காலத்தைத் தவிர்த்து உடனடி ஊதியத்தை நாடும் இளைஞர் இழப்பது இந்த இரண்டாம் பாதியையே.

முடிவுரை

பொறித்தொழிலின் தொடக்கநிலைப் பயிற்சி, உடலுழைப்புக்கு ஆள் சேர்க்கும் ஏற்பாடு எனக் குறைத்து மதிக்கப்படுவதுண்டு. அதன் உள்ளடக்கம் அம்மதிப்பீட்டை மறுக்கிறது. ஒரு நூலின் எண்பதில் ஒரு பங்கைக் கையால் உருவாக்கவும், காணாத உறுப்போடு பொருந்தும் உறுப்பைச் செய்யவும் பதினாறு வயது இளைஞரைப் பழக்குவது உயரிய அறிவுப்பயிற்சியாகும். பஞ்சாலைகள் மூடிய புதுச்சேரியில், அக்கல்வியை மேட்டுப்பாளையம் போன்ற பயிற்சி நிலையங்களே இன்று சுமக்கின்றன.

தமிழ் அப்பட்டறையில் புதிதாக நுழைய வேண்டியதில்லை; அரத்தோடும் உளியோடும் அது முன்னரே அங்கிருக்கிறது. நுண்ணளவியும் வரைபடமும் உள்ள மேசைக்கு அது இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. அங்கு அதைக் கொண்டுசேர்க்கும் பணி, பட்டறை ஆசிரியரும் தமிழாய்வாளரும் ஒருங்கிருந்து செய்ய வேண்டிய ஒன்று. பட்டறைச் சொற்களை இடம்வாரியாகத் தொகுப்பதும், அவற்றைப் பாடநூற் சொற்களோடு ஒப்பிடுவதும் இத்துறையில் அடுத்து நிகழ வேண்டிய ஆய்வுகளாகும்.